சில்லவுட்: தமிழ்ல நிழலுரு

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கேரா வாக்கரோட படைப்புகளைப் பத்தி யார் எழுதினாலும் சில்லவுட் (silhouette)ங்கற சொல் வராம இருக்காது. சூரியனுக்கு எதிரா ஆளை நிக்க வச்சு எடுக்கற போட்டோவுக்கும் இதையேதான் சொல்றோம், ஆனா முதல்ல இது கத்திரிக்கோல் வேலை, ஒருத்தரோட பக்கவாட்டு முகத்தை விளிம்பு மட்டும் தெரியற மாதிரி தாள்ல வெட்டி எடுக்கறது.

சொல் வந்தது ஒரு ஆளோட பேர்லேர்ந்து. 1759ல பிரான்சுக்கு நிதி மந்திரியா இருந்த எத்தியேன் த சிலுவெத், போர்ச் செலவுக்காகப் பணக்காரங்க மேல வரி போடப் பாத்தார், சில மாசத்துலயே பதவி போயிடுச்சு. மலிவா ஒப்பேத்தின எதையும் அவர் பேரைச் சொல்லிக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சாங்க, ஓவியருக்குக் கொடுக்கக் காசில்லாதவங்க வாங்கின இந்தத் தாள் முகங்களுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு.

அமெரிக்காவுக்கு வந்தா கதை வேற. பிலடெல்பியால பீல்ங்கற ஓவியரோட வீட்ல அடிமையா இருந்த மோசஸ் வில்லியம்ஸ், 1802ல விடுதலையான பிறகு பீலோட மியூசியத்துலயே உக்காந்து வர்றவங்க முகத்தை ஆயிரக்கணக்குல வெட்டிக் கொடுத்தார். வெள்ளைத் தாள்ல முகத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு அந்த ஓட்டைக்குப் பின்னாடி கறுப்புத் தாளோ துணியோ வைக்கற முறை அது, அதனால வந்தவங்க வெள்ளைக்காரங்களா இருந்தாலும் படத்துல கறுப்பாத்தான் தெரிவாங்க! அவரோட முகமே ஒரு சில்லவுட்டா இன்னிக்கும் இருக்கு, 'முகம் வெட்டுபவர்'னு கூடவே எழுதியிருக்கு. இந்தக் கலையைப் பேசறப்போ மந்திரி பேரு முதல்ல வர்ற அளவுக்கு இவர் பேரு வர்றதில்லங்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

வாக்கர் 1994ல நியூயார்க் டிராயிங் சென்டர்ல வச்ச படைப்பு கிட்டத்தட்ட 50 அடி நீளம், வெள்ளைச் சுவத்துல நேரா ஒட்டின கறுப்புத் தாள் உருவங்கள். தூரத்துலேர்ந்து பாத்தா அமெரிக்கத் தென் மாநிலங்களோட பழைய காதல் கதை மாதிரி நிலா, மரம், முத்தம் கொடுக்கக் குனியற ஜோடி. கிட்டப் போனா அந்தம்மாவோட அகலமான பாவாடைக்கு அடியில இன்னொரு ஜோடி கால் தெரியுது. யார் கால், அங்க என்ன பண்ணுதுன்னு தாள் சொல்லாது. இது கறுப்பினத்தவர், இது எஜமானின்னு உதடு, மூக்கு, முடியோட விளிம்பை வச்சு நாமளே முடிவு பண்ணிடறோம், அடிமைமுறை காலத்துக் கேலிப்படங்கள் நம்ம கண்ணுக்குப் பழக்கின விளிம்பு அது. இந்த வடிவத்தை அவங்க எடுத்துக்கிட்டதே அதுக்காகத்தான்னு நான் நம்பறேன். எல்லாரும் ஏத்துக்கல, 1997ல மூத்த கறுப்பினக் கலைஞர் பெட்டி சார் (Betye Saar), இது இழிவான பிம்பங்களையே திரும்பக் காட்டுதுன்னு கடிதம் எழுதியே எதிர்ப்பு திரட்டினாங்க. அந்தக் கோபமும் நியாயமானதுதான்.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? நிழற்படம்னா போட்டோன்னு ஆயிடுச்சு, நிழலோவியம்னா தூரிகை ஞாபகம் வருது, கோட்டுருவம்னா உள்ள நிரம்பியிருக்கற கறுப்பு காணாம போயிடுது. நிழலுருங்கறதுதான் பொருந்துது, நிழலும் இருக்கு, உருவமும் இருக்கு. போட்டோவுக்கு அது போதும். மோசஸ் வில்லியம்ஸ், வாக்கர் பத்தி எழுதறப்போ 'வெட்டு நிழலுரு'ன்னு சேத்து எழுதுங்க, கத்தி பட்ட வேலைன்னு படிக்கறவங்களுக்குத் தெரியணும்.