காற்றில்லாத நாளில் கடல் ஏன் ஏறுகிறது?

நாகர்கோவில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சித்திரை வெயில் கொளுத்துகிறது, புயல் சின்னம் எதுவும் இல்லை. கடலில் இறங்காதே என்று ஏன் எச்சரிக்கிறார்கள்?" நியாயமான கேள்விதான். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்ததும் இப்படியொரு கள்ளக்கடல் சமயத்தில்தான்.

உள்ளூரில் காற்றோ புயலோ இல்லாமலே கடல் திடீரென்று கரையேறுவதற்குக் குமரி, கேரளக் கரை மீனவர்கள் வைத்த பெயர்தான் கள்ளக்கடல். 2012-இல் யுனெஸ்கோ அதையே ஏற்றுக்கொண்டது. கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசின் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனமும் அதே பெயரில்தான் எச்சரிக்கை விடுகிறது.

அலையைக் கிளப்புவது காற்று என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் இந்தக் காற்று நம்மூரில் அடிப்பதில்லை. சுமார் 5,000 கி.மீ. தெற்கே, அண்டார்டிகாவை நோக்கிய கடலில் அடிக்கிறது. நடுவில் தடுக்க ஒரு கரையும் கிடையாது.

அப்புறம் நடப்பதுதான் அழகு. அங்கே வீசும் புயல் ஒரே நேரத்தில் பலவகை அலைகளை எழுப்புகிறது. ஆழ்கடலில் நீள அலை வேகமாகப் போகும், குட்டை அலை பின்தங்கும். வடசேரியிலிருந்து எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் ஒன்றாகக் கிளம்பிய மாதிரி. 18 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நாலு நாளில் குமரிக்கு வந்துவிடும். 12 விநாடி அலை மணிக்கு 34 கி.மீ.தான், ஆறு நாள் ஆகும். ஆக, முதலில் மெதுவான தாளம், நாள் போகப்போக வேகமான தாளம். இந்த மாற்றத்தைக் கடிகாரம் வைத்து அளந்தாலே புயல் எவ்வளவு தூரத்தில் பிறந்தது என்று கணக்குப் போடலாம். கடலியல் அறிஞர் வால்டர் மங்க் 1963-இல் பசிபிக்கின் குறுக்கே கருவிகளை வைத்து இப்படித்தான் தென்கடல் அலைகளைப் பின்தொடர்ந்தார்.

18 விநாடி அலையின் நீளம் அரை கிலோமீட்டர். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது வந்ததே தெரியாது. கரைக்கு வந்தால் ஒவ்வோர் அலையும் வண்டி வண்டியாகத் தண்ணீரைத் தள்ளும். போனது திரும்புமுன் அடுத்தது வந்து நிற்கும். உயரம் அதிகமில்லாத அலைகூடத் தெருவுக்குள் வருவது இதனால்தான். கடல்மட்டம் உயர உயர இது இன்னும் உள்ளே வரும். கடல் உள்வாங்கியது, ஊர் அழியப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் சாபக்கதை அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கலாம்.

செயற்கைக்கோளும் கணினியும் சில நாள் முன்பே அலை வருவதைச் சொல்லிவிடும். எந்தச் சந்தில் தண்ணீர் ஏறும் என்று அவற்றுக்குத் தெரியாது. கடியப்பட்டணம் போன்ற கரைகளில் வள்ளம் இறக்குபவர்களைப் பாருங்கள்: பெரிய அலைகள் வரிசையாக உடைந்து முடியும்வரை வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஓய்வு கிடைத்ததும் ஒரே தள்ளு. அலையின் தாளம் அவர்களுக்குப் பிழைப்பு. பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாயில் உள்ள மணல்மேடு, எந்தப் பக்கம் உடையும், எந்த வீட்டுத் திண்ணை முதலில் நனையும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, பணம் எங்கே போகிறது? கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தடுப்பான தூண்டில் வளைவுக்குக் கல் கொட்டுகிறோம். ஓர் ஊரில் மணல் சேர, பக்கத்து ஊரில் கரை அரிக்கிறது. அந்தச் செலவில் ஒரு துளியை ஒதுக்கி, ஊருக்கு இருவருக்குச் சம்பளம் கொடுத்து, அலை இடைவெளியையும் தண்ணீர் ஏறிய இடத்தையும் தினமும் போனில் பதியச் சொல்லலாம். இரண்டு வருடப் பதிவு சேர்ந்தால், "குமரிக் கடற்கரைக்கு எச்சரிக்கை" என்பதற்குப் பதில் தெருப்பெயரோடு எச்சரிக்கை விட முடியும் என்பது என் எண்ணம்.