ஊன்றாத காலும் ஓடாத பென்சிலும்

"கேட்டால் வாயால் எல்லாம் சொல்லிவிடுவான். நோட்டில் மட்டும் ஒன்றும் இருக்காது. சோம்பேறித்தனம்தான் என்று நினைக்கிறேன், எதற்கும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்." இரண்டாம் வகுப்பு ஆசிரியை போனில் சொன்னது இது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தமிழில் செயல்முறை மருத்துவர் என்கிறார்கள். வேலை வாங்கித் தருபவர் என்று எண்ணி மகனின் பயோடேட்டாவை நீட்டியவரும் உண்டு. உண்பது, பட்டன் போடுவது, எழுதுவது என அன்றாடக் காரியங்களில் ஒருவருக்கு எது தடையாக நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் எங்கள் வேலை.

வகுப்பின் கடைசியில் உட்கார்ந்துகொண்டேன். முதல் கால் மணி நேரம் அவன் கையைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். பெஞ்சு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான உயரம். அவன் கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கின. ஒரு காலைப் பெஞ்சின் காலில் சுற்றிக்கொண்டான். அது நழுவியதும் மண்டியிட்டு ஏறி உட்கார்ந்தான். "நேராக உட்கார்" என்று அதட்டல் விழுந்தது. நோட்டைப் பிடிக்க வேண்டிய இடது கை, உடம்பு சரியாமலிருக்க மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. எழுத எழுத நோட்டு நகர்ந்துகொண்டே போனது.

'ண' எழுதச் சொன்னேன். மூன்று சுழி. முதல் சுழியிலேயே பென்சில் முனை முறிந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினேன், முன்பு எழுதியவையெல்லாம் விரலில் தட்டின. உடம்பு ஆடினால் அதைத் தாங்கும் பாரமும் விரல்களுக்கே வந்துவிடும். பிடி இறுகும், கை சீக்கிரம் வலிக்கும், பிள்ளை எழுதுவதையே தவிர்க்கும். தாளைத் தடவிப் பார்ப்பதைப் பெற்றோர் வீட்டிலேயே செய்யலாம்.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எல்லாம் குருத்தெலும்பு. கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தென்படவே பெரும்பாலும் 8 வயதுக்கு மேலாகிவிடும். மூன்று விரலால் பென்சில் பிடிப்பது பலருக்கும் படிவது 4 முதல் 6 வயதுக்குள். மூன்றரை வயதுக் குழந்தையிடம் நாலு கோடு நோட்டை நீட்டுகிறவர்களை என்ன சொல்வது!

பழைய செய்தித்தாள்களைச் சணலால் இறுகக் கட்டி அவன் காலடியில் வைத்தோம். முழங்கை மேசைக்குச் சரியாக வர, கீழே ஒரு மடித்த போர்வை. நீளப் பென்சிலை வாங்கிக்கொண்டு விரல் நீளத் துண்டுப் பென்சிலைக் கொடுத்தேன். அதை முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது. வீட்டில் பூக்கட்டப் பழக்குங்கள் என்றேன். "ஆண்பிள்ளையையா?" என்றார் அவன் அம்மா. வேர்க்கடலை உரிப்பதிலும் சப்பாத்தி மாவு பிசைவதிலும் சமாதானமானோம்.

காகிதக் கட்டு எல்லாருக்கும் மருந்தாகாது. பட்டன் போடுவது, சாப்பிடுவது, படியேறுவது எல்லாமே தடுமாறினாலோ, எழுத்துக் கூட்டிப் படிப்பதும் சேர்ந்து திணறினாலோ காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் காட்டுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் முதலில் பேசலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று.

மூன்று வாரம் கழித்துப் போனேன். ஆறு வரி எழுதியிருந்தான். 'ண' சில இடங்களில் இன்னும் இரண்டு சுழியோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் உட்காரும் சிறுமி தனக்கும் ஒரு கட்டு வேண்டுமென்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறாள். அன்றும் அவள் கால்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.