சிறகுள்ள உருவமெல்லாம் சம்மனசு அல்ல

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ரோமானிய வெண்கலக் காசு ஒன்றை, புளியும் உப்பும் இட்டுப் பளபளவென்று தேய்த்து, விளிம்பருகே துளையிட்டுக் குழந்தையின் கழுத்தில் டாலராக அணிவித்திருந்த குடும்பத்தினர் சென்ற வாரம் என்னிடம் வந்திருந்தார்கள். "சம்மனசு போட்ட காசு, பிள்ளைக்குக் காவல்" என்றார் பாட்டி. இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது காசு இது.

அதிலுள்ள சிறகுருவம் சம்மனசு, அதாவது வானதூதர், அல்ல. விக்டோரியா என்னும் ரோமானிய வெற்றித் தெய்வம். கி.பி. 388-ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய, 'அரசின் நலம்' என்று இலத்தீனில் பொறித்த அச்சிறு காசில் அவள் தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து, போர்க்கைதி ஒருவனை இழுத்துச் செல்கிறாள். அவளுக்கு எதிரிலேயே, கிறிஸ்துவின் பெயரிலுள்ள முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பிணைத்த குறி இருக்கும். பேரரசர் கிராத்தியன் 382-இல் செனட் மண்டபத்திலிருந்து விக்டோரியாவின் பலிபீடத்தை அகற்றிய பின்னரும் அவள் காசை விட்டு நீங்கவில்லை. அவ்வாறே கான்ஸ்டன்டைனின் காசுகளில் தலையில் கதிர்களோடு வலக்கையை உயர்த்தி நிற்பவரை இயேசு என்று எண்ணிப் பலர் என்னிடம் வாதாடுகிறார்கள். அவர் சூரியக் கடவுள் சோல். கிறிஸ்துவின் துணையால் கிடைத்ததென்று கான்ஸ்டன்டைன் கருதிய 312-ஆம் ஆண்டுப் போர் வெற்றிக்குப் பிறகும் சில ஆண்டுகள் சோலின் உருவம் அச்சிடப்பட்டது. பழைய தெய்வமும் புதிய சமயமும் ஒரே காசுமுறையில் அருகருகே நின்ற காலம் அது. அதைப் படிக்க நமக்குக் கிடைப்பது 13 மில்லிமீட்டர் அகலமுள்ள பரப்பு மட்டுமே.

பழைய வெண்கலக் காசில் உருவம் பெரும்பாலும் மேலே படர்ந்திருக்கும் பச்சைப் படலத்திலேயேதான் நிற்கிறது. அதன் அடியில் பளபளப்பான வேறோர் உருவம் ஒளிந்திருக்கவில்லை. ஆகவே புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். அரிப்பின் அடையாளமான வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அக்காசைப் பிற காசுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாமல் வைத்து, உடனே உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். பி.வி.சி. உறையில் இடாதீர்கள். உடம்பிலும் அணியாதீர்கள், வியர்வையின் உப்பு அரிப்பை வளர்க்கும். கிடைத்த இடத்தை ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். மண்ணிலிருந்து எடுத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

அந்தக் குடும்பத்தின் காசில் கைதியின் கால்கள் மட்டும் எஞ்சியிருந்தன. மறுபக்கத்தில், பேரரசரின் பெயர் இருந்த இடத்தில்தான் துளை விழுந்திருந்தது. அது தியோடோசியஸ் வெளியிட்டதா, அவர் மகன் ஆர்காடியஸ் வெளியிட்டதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.