குடலுறிஞ்சி: மீன் குடலுக்கு இச்சொல் பொருந்துமா?

வில்லஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சடைத்த மயிர், மயிர்க்கொத்து என்று பொருள். வெல்வெட் துணியின் பெயரும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். மனிதச் சிறுகுடலின் உட்புறம் வெல்வெட்டைப் போலத் தோன்றுவதற்கு, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயரமுள்ள விரல் போன்ற நீட்சிகள் அங்கே அடர்ந்து நிற்பதே காரணம். வில்லஸ் என்று அறிவியலில் பெயர் பெற்ற இந்நீட்சிகளைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குடலுறிஞ்சி என்றும், இலங்கைப் பாடநூல்கள் சடைமுளை என்றும் வழங்குகின்றன. முன்னது செயலைச் சொல்கிறது. பின்னது இலத்தீன் மூலத்தின் உருவத்தையே பிடித்துவிடுகிறது. என் மனம் சடைமுளையின் பக்கமே சாய்கிறது.

ஆனால் ரோகு கெண்டையின் குடலைப் பற்றி எழுதும்போது இவ்விரு சொற்களுமே இடறுகின்றன. பாசியையும் நீர்த்தாவரங்களையும் பெரிதும் உண்டு வளரும் இந்நன்னீர் மீனுக்கு இரைப்பை கிடையாது. உடல் நீளத்தைப் போலப் பன்மடங்கு நீண்ட குடல், வயிற்றறைக்குள் சுருள் சுருளாக அடைந்து கிடக்கும். அதைக் குறுக்காக மெல்லியதாய்ச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், உட்குழியை நோக்கி விரல்கள் நீள்வதாகவே தெரியும். ஆனால் அதே குடலை நெடுக்காகக் கீறி, விரித்து, மேலிருந்து பார்த்தால் விரல்களைக் காணோம். வளைந்து நெளிந்து ஒன்றோடொன்று கூடும் வரப்புகளே கிடக்கின்றன. வரப்பை அறுத்த முகம்தான் குறுக்குவெட்டில் விரலாகத் தோன்றியது. பாலூட்டிகளின் சடைமுளைக்குள் கொழுப்பை ஏந்திச் செல்லும் பாற்குழலும், அதன் அடியில் அமைந்த சுரப்பிக் குழிகளும் இங்கே இல்லை. ஆகவே, குடலின் உட்போர்வையான கோழைப்படலத்தின் மடிப்பு என்ற பொருளில், மீனுக்குக் கோழைப்படல மடிப்பு என்று எழுதுவதே தகும்.

இம்மடிப்பின் மேல் ஒற்றை அடுக்காக நிற்கும் தூண் வடிவச் செல்களே செரித்த உணவை உறிஞ்சுகின்றன. அவற்றினிடையே அங்கங்கே, கோழையைச் சுரக்கும் கோப்பைச் செல்கள் அமர்ந்திருக்கும். வழக்கமான சாயத்தில் வெறும் வெண்குமிழிகளாகக் கிடக்கும் இவை, கோழையைக் காட்டும் பிஏஎஸ் சாயம் பட்டதும் ஆழ்ந்த செங்கருநீலமாக ஒளிர்வது காணத் தகுந்த காட்சி. கெண்டையினங்கள் பலவற்றில், குடலின் பின்பகுதியை நெருங்க நெருங்க மடிப்புகள் தாழ்கின்றன. கோப்பைச் செல்களோ பெருகுகின்றன. செரியாத நார் குடற்சுவரை உராயாமல் வழுக்கிச் செல்ல அந்தக் கோழை உதவுகிறது.

தூண் செல்லின் மேல்விளிம்பில், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டுமே தனித்தனியாகப் புலப்படும் இழைகளுக்கு நுண்ணுறிஞ்சி என்று பெயர். அச்சொல்லை மீனுக்கும் தயங்காமல் ஆளலாம். அவை உண்மையிலேயே விரல் வடிவானவை, உறிஞ்சும் பரப்பைப் பெருக்குபவை.