நுரையீரலா, சுவாசப்பையா?

இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தவருக்கு அது சுவாசப்பை, தமிழகப் புத்தகத்தில் படித்தவருக்கு நுரையீரல். திருகோணமலையில் இரண்டும் ஓடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை சுவாசப்பை என்று படம் கீறிப் பெயர் குறிக்கும், வீட்டில் அம்மம்மா "நெஞ்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவா, இறைச்சிக்கடைக்காரர் நுரையீரல் என்பார். என்னைக் கேட்டால் இறைச்சிக்கடைக்காரர் பக்கம்தான் நிற்பேன். பிள்ளை வயிற்றில் வளரும்போதும் பிறந்த பிறகும் அந்த உறுப்புக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால் நுரை, ஈரல் என்ற இரண்டு பாதியும் பொருந்துகின்றன, பை பொருந்தவில்லை.

முதலில் சொல்லைப் பிரிப்போம். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஈரல் என்பது உள்ளே இருக்கும் கனத்த உறுப்புக்குப் பொதுப்பெயர், முன்னால் நிற்பது அதன் தன்மை. வெறும் ஈரல் என்றால் இன்றைக்குக் கல்லீரலைத்தான் நினைப்போம், ஆனால் "ஈரக்குலை நடுங்கிப்போச்சு" என்கிறோமே, அந்த ஈரக்குலை ஈரல்குலைதான். நுரை எதற்கு என்று சந்தேகம் இருந்தால் ஆட்டு நுரையீரலில் ஒரு துண்டு வாங்கித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும். கல்லீரல் துண்டு நேரே அடிக்குப் போய்விடும். மிதக்கிற துண்டைத் தண்ணீருக்குள் அமத்திப் பிசைந்தால் பொடிப்பொடியாய்க் குமிழ்கள் மேலே வந்து நெடுநேரம் உடையாமல் நிற்கும். இந்த உடையாமல் நிற்பதுதான் விஷயமே, அதற்குப் பிறகு வருகிறேன்.

சுவாசப்பையில் சுவாசம் வடசொல், பை நம்முடையது. பழைய மருத்துவ நூல்களில் வரும் புப்புசம் என்பதும் வடமொழி வழி வந்ததுதான். சிங்களத்தில் பெனஹல்ல என்கிறார்கள், சவர்க்கார நுரைக்கும் அவர்களிடம் பென என்றுதான் பெயர். அறுத்துப் பார்த்த கை எந்த மொழிக்காரருடையதாக இருந்தாலும் முதலில் கண்டது நுரையைத்தான் போல.

சரி, பைக்கு ஏன் இந்தக் கோபம்? பை என்றால் உள்ளே வெற்றிடம் இருக்கும் ஒரு உறை, காற்றடித்தால் உப்பும். இந்த உறுப்பு எந்தக் கட்டத்திலும் அப்படி இருந்ததில்லை. கருவுக்கு நாலு வாரம் ஆகும்போது உணவுக்குழாயாக மாறப்போகிற முன்குடலின் முன்பக்கத்தில் ஒரு சின்ன மொட்டு தள்ளிக்கொண்டு வரும். அது இரண்டாகப் பிரிந்து வலது இடது ஆகும், வலதில் மூன்று சோணை (மடல்), இடதில் இரண்டு, அப்புறம் ஒவ்வொன்றும் பிரிந்து பிரிந்து கிளைவிட்டுக்கொண்டே போகும், முழுதாய் வளர்ந்த ஆளில் எண்ணினால் ஏறக்குறைய 23 தலைமுறைக் கிளை. தொண்டைக்குக் கீழே இருக்கிற அடிமரத்துக்கு நம்முடைய புத்தகம் வைத்த பெயர் வாதனாளி. வாதம் என்றால் காற்று, நாளி என்றால் குழாய். அழகான சொல்தான், ஆனால் வாதம் என்றவுடன் நம் ஆட்களுக்குக் கைகால் விழுந்துபோவதுதான் ஞாபகம் வரும், ஆகவே வீட்டில் விளங்கப்படுத்த மூச்சுக்குழல் போதும்.

பதினாறு பதினேழு வாரத்துக்குள் காற்று போய்வரும் குழாய்கள் எல்லாம் கிளைத்து முடிந்துவிடும். அந்தக் கட்டத்தில் ஒரு துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் சுரப்பி மாதிரித் தெரியும் என்பதால் அதற்குப் போலிச்சுரப்பி நிலை என்று பெயர். குழாய்கள் ஆயத்தம், மூச்சு விட இடம்தான் இல்லை. அதன் பிறகு 26 வாரம் வரை இரத்தக் குழாய்கள் நெருங்கி வந்து சுவர் மெலியும், அப்புறம் நுனிகள் சின்னச் சின்ன அறைகளாக விரியத் தொடங்கும்.

இவ்வளவு காலமும் உள்ளே காற்று ஒரு துளி இல்லை, தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து பிள்ளை குடித்தது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, உறுப்பே அதைச் சுரக்கிறது. அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான் உறுப்பை விரித்து வளர வைக்கிறது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மூச்சு விடுவதுபோல நெஞ்சை அசைத்துப் பழகுவதும் ஸ்கானில் தெரியும். பனிக்குடத்தில் நீர் வெகுநாள் மிகக் குறைவாக இருந்தால் இந்த உறுப்பு சிறுத்துப்போகும். ஆக, பிறக்கும்வரை அது ஈரல்தான், கனத்துச் சிவந்த ஈரல். மூச்சே விடாமல் இறந்து பிறந்த சிசுவின் நுரையீரல் தண்ணீரில் தாழும் என்பதை வைத்து நீதிமன்றங்களில் முன்பு தீர்ப்பே சொல்லியிருக்கிறார்கள். உடல் அழுகத் தொடங்கினால் அந்தச் சோதனை ஏமாற்றும் என்பது பிறகுதான் விளங்கியது. மூச்சு இழுத்ததும் சிவந்து கனத்தது வெளுத்து இலேசாகிறது என்று பழைய கிரேக்க மருத்துவர் கேலன் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது நுரைக்கு வருவோம். வாடைக்காலத்தில் டச்சுக்குடாக் கரைக்குப் போனால் அலை திரும்பிய பிறகும் மணலில் நுரை கிடந்து காற்றில் உருளும். நல்ல தண்ணீரை எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் அப்படி நுரை நிற்காது. கடல்நீரில் செத்த பாசியும் நுண்ணுயிரும் விட்ட கொழுப்பும் புரதமும் கலந்திருப்பதால் குமிழின் தோல் உடையாமல் தாங்குகிறது. 1955இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பேட்டில் என்பவர் நச்சுவாயுவால் நுரையீரலில் வரும் நுரையை அடக்க மருந்து தேடிக்கொண்டிருந்தார். நுரையைக் கொல்லும் எந்தப் பொருளுக்கும் அந்தக் குமிழ்கள் மசியவில்லை. குமிழின் மேல் ஏதோ ஒரு படலம் இருக்க வேண்டும், அது மேற்பரப்பு இழுவிசையை, அதாவது குமிழையும் அறையையும் சுருக்கி ஒட்டப் பார்க்கும் நீர்த்தோலின் இழுப்பை, ஏறக்குறைய பூச்சியத்துக்கே இறக்கிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தப் படலத்துக்குத்தான் சேர்ஃபக்டன்ட் என்று பெயர். மேற்பரப்பில் வேலை செய்யும் பொருள் என்ற ஆங்கிலத் தொடரைச் சுருக்கி 1950இல் ஒரு அமெரிக்க இரசாயனக் கம்பனி உண்டாக்கிய பெயர் அது, சவர்க்காரப் பொருட்களுக்காக வைத்தது, மருத்துவம் பிறகு கடன் வாங்கிக்கொண்டது. தமிழில் மேற்பரப்பு இழுவிசைக் குறைப்பி எனலாம். வாய்க்குள் அடங்காத நீளம்தான், இருந்தாலும் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, மீதி புரதம். 24 வாரமளவில் இதைச் செய்யும் கலங்கள் வேலையைத் தொடங்கும், 34, 35 வாரத்தில்தான் போதுமான அளவு சேரும்.

குறைமாசப் பிள்ளைக்கு "சுவாசப்பை முற்றவில்லை" என்று டொக்டர் சொன்னால் பெரும்பாலும் இந்தப் படலம் போதவில்லை என்றுதான் அர்த்தம், உறுப்பு பாதியில் நின்றுவிட்டது என்று பெற்றவர்கள் பயப்படுகிறார்கள், அது அப்படியல்ல. அந்தப் பிள்ளை மூச்சு இழுக்கும்போது விலா இடுக்குகள் உள்ளே போகும், விடும்போது ஒரு முனகல் கேட்கும். அது வலியில் முனகுவதில்லை. மூச்சை விட்டதும் அறைகள் ஒட்டிப்போகாமல் இருக்கத் தொண்டையைப் பாதி மூடி உள்ளே கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கிறது பிள்ளை. அதைப் பின்பற்றித்தான் மூச்சுப்பாதைக்கு விடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் முறை 1971இல் வந்தது. படலம் இல்லாததுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டியிருந்தும், 1963இல் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த ஜோன் கென்னடியின் மகன் பற்றிக்கை அமெரிக்க ஜனாதிபதியின் பிள்ளை என்றாலும் காப்பாற்ற முடியவில்லை. 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் பிள்ளை தப்புவது கூடுகிறது என்று காட்டினார்கள். 1980இல் ஜப்பானில் புஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த படலப்பொருளையே குழாய் வழியே பிள்ளைகளுக்குள் விட்டார். காலத்துக்கு முந்திப் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் தாய்க்குப் போடும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் ஊசி, 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு, அந்த நியூசிலாந்து வேலையின் வழிவந்தது. தாய்க்கு என்ன வருத்தம் என்று வாட்டில் சொந்தக்காரர் பதறுவார்கள். ஊசி தாய்க்கு, மருந்து பிள்ளைக்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஏழு மாசப் பிள்ளை தப்பும், எட்டு மாசப் பிள்ளை தப்பாது என்று பெரியவர்கள் சொல்வது சுத்தப் பிழை. ஒவ்வொரு வாரமும் படலம் கூடிக்கொண்டே போகிறது, எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தைவிட நல்லதே தவிர கெட்டதில்லை.

பிரசவ வலி தொடங்கும்போதே உள்ளேயிருக்கும் தண்ணீரைச் சுரப்பது நின்று உறிஞ்சுவது தொடங்கும். முதல் சில மூச்சுகளில் மீதித் தண்ணீரும் சுவர் வழியே இரத்தத்துக்குள் தள்ளப்படும். வலி வராமலே சத்திரசிகிச்சையில் எடுத்த பிள்ளைகள் சிலது முதல் நாள் வேகவேகமாக மூச்சு விடுவது இந்தத் தண்ணீர் வடியச் சுணங்குவதால்தான், அநேகமாக இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.

அதோடு வளர்ச்சி முடிந்தது என்றும் நினைக்கக்கூடாது. காற்றும் இரத்தமும் கொடுத்து வாங்கும் கடைசி அறைக்கு நம் புத்தகம் சிற்றறை என்கிறது, தமிழகத்தில் காற்று நுண்ணறை. சிற்றறை எனக்குப் பிடித்த சொல், குட்டையாய் இருக்கிறது, ஒன்று கால் மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதற்கும் ஏற்றது. பிறக்கும்போது சில கோடிச் சிற்றறைகள்தான் இருக்கும், வளர்ந்த ஆளுக்கு 30 கோடிக்கு மேல். முக்கால்வாசி வேலை முதல் இரண்டு மூன்று வருடத்தில் நடக்கும், பிறகும் பல வருடம் மெதுவாகக் கூடும். விறகடுப்புப் புகைக்குள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பதும், பிள்ளை இருக்கிற அறையில் சிகரட் பத்துவதும் அதனால்தான் பெரியவர்களுக்குச் செய்வதைவிட அதுக்குக் கூடக் கெடுதி.