மலைப்பாதையில் ஓடும் காருக்கு எந்த இன்சூரன்ஸ்? விபத்தானால் யார் வழக்குப் போடலாம்?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய கார் வாங்குகிறவர்கள் பலர், "தர்டு பார்ட்டி இருந்தால் போதும்" என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள். போலீஸுக்கு அது போதும்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. அதுவும் இல்லாமல் ஓட்டினால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். ஆனால் காருக்குள் இருக்கும் உங்கள் வீட்டாருக்கு அது போதாது.

தர்டு பார்ட்டி பாலிசி பார்த்துக்கொள்வது வெளியாளை: ரோட்டோரம் நடந்து போனவர், எதிரே பைக்கில் வந்தவர். அவர்களுடைய உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். சரி, கல்லட்டி இறக்கத்தில் பிரேக் சூடேறி உங்கள் காரே கவிழ்ந்து, பின்சீட்டில் இருந்த அத்தைக்கு இடுப்பு முறிந்தால்? அவர் வழக்குப் போடலாம். ஆனால் சொந்தக் காரில் சும்மா ஏறி வந்தவருக்கு இந்த பாலிசி பொறுப்பேற்பதில்லை. இழப்பீட்டை உங்களிடமிருந்துதான் அவர் வாங்க வேண்டியிருக்கும். 'புல் கவர்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. நிலச்சரிவு, பாறை விழுதல், வெள்ளம் ஆகியவற்றால் காருக்கு வரும் சேதமும் அதில் அடங்கும். நீலகிரியில் அந்தக் கூடுதல் பிரீமியத்தை வீண்செலவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஓட்டும் உரிமையாளருக்கென்று 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தனி. அதே அளவு காப்பீடு வேறு இடத்தில் இல்லையென்றால் அதை வெட்டிவிடாதீர்கள். தன் தவறால் அடிபட்டவர் தன் கம்பெனி மீதே வழக்குப் போட முடியாது. சீசனில் ஓன் போர்டு காரை வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதைக் காட்டியே கிளெய்மை மறுப்பார்கள்.

இனி வழக்கு. அடிபட்டவரோ, இறந்தவரின் வாரிசுகளோ மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். விபத்து நடந்த ஊர், மனுதாரர் குடியிருக்கும் ஊர், எதிர்தரப்பு இருக்கும் ஊர் என எங்கே வேண்டுமானாலும் போடலாம். மேட்டுப்பாளையத்தில் அடிபட்ட உதகைக்காரர் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். முதலில் எஃப்.ஐ.ஆர். போட வையுங்கள். ரோட்டிலேயே ஐயாயிரம், பத்தாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு, அப்புறம் கால் எலும்பு கூடாமல் போகும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

இன்னொரு வழியும் உண்டு. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று சட்டம் நிர்ணயித்த தொகையைப் பெறலாம். சாட்சியே இல்லாத வளைவில் நடந்த விபத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் அதைச் சமரசமாக ஏற்றுக்கொண்டால், கூடுதல் இழப்பீடு கேட்டுப் போட்ட மனு அத்தோடு காலாவதியாகிவிடும். சம்பாதிக்கும் வயதில் ஒருவரை இழந்த குடும்பம் வக்கீலிடம் கேட்காமல் இதில் கையெழுத்துப் போடக் கூடாது.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். உங்கள் காரின் சேதத்துக்குக் கம்பெனி பணம் மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.