324 படங்கள், 80,000 ‘மேற்படி’கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கும் வாசகி மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காக விரிதாள் பாடம் ஒன்றைத் தன் மடிக்கணினியில் நடத்தி, திரையை அப்படியே பதிவு செய்திருக்கிறார். 45 நிமிடப் பாடம் வெறும் 120 எம்பி. அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று போனில் மழையைப் படம் எடுத்தார். 2 நிமிடம்தான், 250 எம்பி. “பாடம் சரியாகப் பதிவாகவில்லையோ?” என்பது முதல் கேள்வி.

இரண்டாவது: பாடத்தின் தொடக்கத்தில் “ஹலோ, கேக்குதா... கேக்குதா” என்று மைக்கைத் தட்டிய 12 நொடிகளை ஓர் இலவச மென்பொருளில் வெட்டினாராம். வெட்டிய வீடியோவில் குரல் ஓடுகிறது, படம் முதல் சில நொடிகள் அசையாமல் நிற்கிறது. மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

எந்தப் பொத்தானை அழுத்திப் பதிவு செய்வது என்பதில் நேரம் போக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே அந்த வசதி இருக்கிறது. ஐபோனிலும் 2017 முதல் இருக்கிறது. மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 5. விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசமாகக் கிடைக்கிறது. டீச்சர் பயன்படுத்தியதும் அதுதான்.

முதலில் ஒரு கணக்கு. முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். ஒரு படத்துக்கு 6.2 எம்பி. நொடிக்கு 30 படம் என்றால் 186 எம்பி. 45 நிமிடத்துக்கு ஏறத்தாழ 504 ஜிபி! டீச்சரின் ஹார்ட் டிஸ்க்கே அவ்வளவு இருக்குமா தெரியாது. அது 120 எம்பிக்குள் அடங்கியிருக்கிறது என்றால் நாலாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. மாயமும் இல்லை, பதிவில் கோளாறும் இல்லை. சுருக்கியவர் ஒரு பத்திர எழுத்தர்.

நிலப் பத்திரம் படித்திருப்பீர்கள். முதல் பத்தியில் ஊர், வட்டம், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் விலாவாரியாக இருக்கும். அதற்கப்புறம் “மேற்படி கிராமத்தில் மேற்படி சர்வே எண்ணில் மேற்படியாருக்குப் பாத்தியப்பட்ட” என்று ஓடும். ஒரு தடவை எழுதியதை அவர் மறுபடி எழுதமாட்டார். கை வலிக்கும், முத்திரைத்தாளும் வீண். வீடியோவைச் சுருக்கும் எச்.264 என்ற முறையும் இதே ஆள்தான். 2003இல் தரப்படுத்தப்பட்டது, இன்றும் பெரும்பாலான திரைப்பதிவுகள் இதில்தான் எழுதப்படுகின்றன.

இவர் திரையை 16 × 16 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரங்களாகக் கட்டம் போட்டுக்கொள்கிறார். குறுக்கே 120 கட்டம். நெடுக்கே 1080ஐ 16ஆல் வகுத்தால் 67.5 வருகிறது. அரைக் கட்டம் போட முடியாதே! அதனால் 68 என்று வைத்து, அடியில் 8 வரிசை அதிகமாக எழுதிவிட்டு, “காட்டும்போது இதை மறைத்துவிடு” என்று ஒரு குறிப்பும் வைக்கிறார். எச்.264இல் எழுதிய முழு எச்டி வீடியோ ஒவ்வொன்றின் அடியிலும் யாரும் பார்க்காத இந்த 8 வரிசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தையற்காரர் உள்ளே மடித்துத் தைத்த துணி மாதிரி. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு இருந்த குஷியை வீட்டில் யாரோடும் பகிர முடியவில்லை.

ஆக மொத்தம் 8,160 கட்டங்கள். டீச்சர் விரிதாளில் ஒரு செல்லில் 7 என்று தட்டுகிறார். என்ன மாறும்? அந்த எண் விழுந்த இடத்தில் ஒன்றிரண்டு கட்டம், மேலே சூத்திரப் பட்டையில் ஒன்றிரண்டு கட்டம். மீதி எட்டாயிரத்துச் சொச்சம் கட்டங்களில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. அவற்றுக்கெல்லாம் ‘மேற்படி’. எட்டாயிரம் தடவை மேற்படி என்று எழுதினாலே தாள் நிறைந்துவிடுமே என்று தோன்றும். அதற்கும் வழி வைத்திருக்கிறார். எச்.264இல் எழுதும் முறை இரண்டு. ஒன்றில், “அடுத்த 3,212 கட்டங்கள் மேற்படி” என்று ஒரே ஓர் எண்ணாக எழுதிவிடலாம். இன்னொன்றில் கட்டத்துக்கு ஒரு குறி உண்டு. ஆனால் தொடர்ந்து ஒரே பதில் வரும்போது அந்தக் குறிக்கு ஒரு பிட்கூட முழுதாகச் செலவாவதில்லை. எதிர்பார்த்த செய்திக்குச் செலவு குறைவு, எதிர்பாராத செய்திக்குச் செலவு அதிகம். தகவல் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

சரி, டீச்சர் மௌஸ் சக்கரத்தை உருட்டி விரிதாளை மேலே நகர்த்தினால்? எல்லாக் கட்டமும் மாறிவிட்டது. ஆனால் நம் எழுத்தர் அசர மாட்டார். முந்தைய படத்தில் அக்கம்பக்கம் தேடிப் பார்ப்பார். “இது புதிதில்லை, போன படத்தில் 60 புள்ளி கீழே இருந்தது, மேலே வந்திருக்கிறது” என்று இடமாற்றத்தை மட்டும் குறிப்பார். அப்படியும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசத்தை மட்டும் கூட்டி எழுதுவார். தேடுவதற்கு ஓர் எல்லை உண்டு. நீங்கள் சக்கரத்தைத் தடதடவென்று உருட்டினால் எழுத்துகள் அந்த எல்லையைத் தாண்டி ஓடிவிடும். அப்போது எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும், அவசரத்தில் கையெழுத்து கோணும். வேகமாக உருட்டியதும் திரை ஒரு கணம் மங்கிப் பிறகு தெளிவதற்கு இதுதான் காரணம். பாடம் எடுக்கும்போது மெதுவாக உருட்டி, நிறுத்தி, பேசுங்கள். பிள்ளைகளுக்கும் நல்லது, எழுத்தருக்கும் நல்லது.

இன்னொரு வினோதமும் உண்டு. ‘மேற்படி’ போலவே ‘கீழ்க்கண்டபடி’யும் உண்டு! சில படங்கள் தனக்கு முன்னால் வந்த படத்தையும் இனிமேல் வரப்போகும் படத்தையும் சேர்த்துப் பார்த்து எழுதப்படுகின்றன. அதனால் கோப்புக்குள் படங்கள் இருக்கும் வரிசையும் நாம் பார்க்கும் வரிசையும் ஒன்றல்ல. வீடியோ ஓட்டும் மென்பொருள் பின்னால் வரவேண்டியதை முதலில் பிரித்து வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளதை வரைந்து, நமக்கு வரிசைப்படி காட்டுகிறது.

மழைக்கு இந்த வேலையெல்லாம் பலிக்காது. ஒவ்வொரு துளியும் புதிது. பின்னணியில் அசையாத சுவர்கூட அசையாத சுவர் இல்லை. கேமராவின் உணரியில் எப்போதும் ஒரு சன்னமான இரைச்சல் உண்டு, சாயங்கால வெளிச்சத்தில் அது கூடும். அதனால் ஒரே சுவரின் ஒரே புள்ளி படத்துக்குப் படம் துளித்துளி வேறுபடும். திரைப்பதிவில் கேமராவே கிடையாது. விண்டோஸ் 8 முதல், இயங்குதளமே தான் வரைந்து முடித்த படத்தை எண்களாகப் பதிவு மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறது. கூடவே “இந்தச் செவ்வகம் மாறியது, இந்தச் செவ்வகம் இங்கிருந்து அங்கே போனது” என்ற துண்டுச்சீட்டையும் தருகிறது. மௌஸ் அம்புக்குறி மட்டும் அந்தப் படத்தில் பெரும்பாலும் இருக்காது. அது தனியாக மேலே மிதப்பது, பதிவு மென்பொருள்தான் அதை ஒட்ட வேண்டும். உங்கள் வீடியோவில் அம்பு காணாமல் போனால், கர்சரைப் பதிவு செய்யும் அமைப்பில் டிக் விடுபட்டிருக்கும்.

ஆகவே 120 எம்பி தரக்குறைவு இல்லை. நொடிக்கு எத்தனை கிலோபிட் எழுதலாம் என்ற அளவுக்குப் பிட்ரேட் என்று பெயர். “பிட்ரேட்டை 50,000 வையுங்கள், தரம் பளிச்சென்று வரும்” என்று சொல்லித்தரும் ஆட்கள் உண்டு. அசையாத விரிதாளுக்கு 50,000 வைப்பதும் மானிட்டரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதும் ஏறக்குறைய ஒன்று. எலுமிச்சையாவது டிஸ்க்கை நிரப்பாது.

இப்போது இரண்டாவது கேள்வி. எல்லாமே மேற்படி என்றால் எழுத்தர் எங்காவது முழு விவரமும் எழுதித்தானே ஆக வேண்டும்? அந்த முழுப் படத்துக்குக் கீஃபிரேம் என்று பெயர். எச்.264 முறையில் எழுத ஓபிஎஸ் பயன்படுத்தும் எக்ஸ்264 என்ற மென்பொருளில், நாம் எதையும் மாற்றாவிட்டால், அதிகபட்சம் 250 படத்துக்கு ஒருமுறை அது வரும். நொடிக்கு 30 படம் என்றால் எட்டு நொடிக்குக் கொஞ்சம் மேல். டீச்சரின் பாடத்தில் மொத்தம் 81,000 படங்கள், அதில் முழுதாக வரைந்தவை குறைந்தது 324. மீதி எல்லாம் எதையாவது சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்பவை.

12ஆவது நொடியில் கத்தரி விழுந்தது. கீஃபிரேம் இருந்தது 8ஆவது நொடிவாக்கில், அடுத்தது 16இல். பத்திரத்தின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு இரண்டாம் பக்கத்தைப் படித்தால் ‘மேற்படி கிராமம்’ எது என்று யாருக்குத் தெரியும்? மென்பொருளும் விழித்துக்கொண்டு அடுத்த கீஃபிரேம் வரும்வரை ஒரே படத்தைக் காட்டியிருக்கிறது. ஒலிக்கு இப்படி நீளமான மேற்படிச் சங்கிலி கிடையாது, அதனால் குரல் மட்டும் ஒழுங்காக ஓடியது.

வழி இரண்டு. கேடென்லைவ், ஷாட்கட் போன்ற எடிட்டரில் டைம்லைனில் போட்டு வெட்டி, மறுபடி ரெண்டர் செய்யுங்கள், அதாவது வீடியோவைப் புதிதாக எழுதவையுங்கள். எழுத்தர் புதிய முதல் பக்கம் எழுதித் தருவார், நேரம் பிடிக்கும், தரம் ஒரு மாற்றுக் குறையும். அல்லது ஓபிஎஸ் அமைப்பில் கீஃபிரேம் இடைவெளியை 2 நொடி என்று முன்கூட்டியே வைத்துவிட்டு, ரெண்டர் இல்லாமல் கீஃபிரேமிலேயே வெட்டுங்கள். கோப்பு கொஞ்சம் பருக்கும், வெட்டு நொடியில் முடியும்.

ரெண்டர் இல்லாமல் வெட்டும் சில மென்பொருள்கள் மூன்றாவதாக ஒரு தந்திரம் செய்யும். முந்தைய கீஃபிரேமிலிருந்து எல்லாவற்றையும் கோப்பிலேயே வைத்துக்கொண்டு, “நாலாவது நொடியிலிருந்து காட்டு” என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதிவிடும். வெட்டியதாக நீங்கள் நினைத்த பகுதி உள்ளேதான் இருக்கும். அந்த நாலு நொடியில் உங்கள் பாஸ்வேர்டோ மாணவர்களின் போன் நம்பரோ தெரிந்திருந்தால்? குறிப்பை மதிக்காத ஒரு வீடியோ ஓட்டி அதை அப்படியே காட்டிவிடும். மறைக்க வேண்டியது இருந்தால் சோம்பல் படாமல் ரெண்டர் செய்துவிடுங்கள்.

முழுப் படத்தை எழுதும்போது அதையும் சுருக்கத்தான் செய்கிறார்கள், டிசிடி என்ற கணித உருமாற்றத்தின் வழியில். சின்னக் கட்டத்தில் உள்ள ஒளி மாற்றத்தை அலைகளாகப் பிரித்து, கண்ணுக்கு எட்டாத நுண்ணலைகளைக் கழித்துவிடுவது. முகம், வானம் போன்ற மென்மையான படங்களுக்கு அற்புதமான முறை. கூர்மையான ஓரம் கொண்ட எழுத்துக்கு அவ்வளவு பொருந்தாது, அதிகமாகச் சுருக்கினால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல அழுக்கு தெரியும். இதை உருவாக்கிய நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். 1972இல் இந்த யோசனையை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் சொன்னதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். நடராஜன், ராவ் ஆகியோரோடு 1974இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்று ஜேபெக் படத்திலும் வாட்ஸப் வீடியோவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிதிக் குழுக்களில் இன்றும் நிலைமை அதிகம் மாறவில்லை என்பது என் அபிப்பிராயம். வாயில் நுழையாத தலைப்புக்குக் கிடைக்கும் மரியாதை, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் யோசனைக்குக் கிடைப்பதில்லை.

நிறத்தில் ஒரு சிக்கனம் உண்டு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது. அதனால் வழக்கமான வீடியோக்களில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான். கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்து போட்டுப் பாருங்கள், கசங்கித் தெரியும். டீச்சர், தவறான விடையைச் சிவப்பில் காட்டுவதானால் எழுத்தைக் கறுப்பாகவே விட்டுச் செல்லின் பின்னணிக்கு வெளிர் நிறம் பூசுங்கள்.

கடைசிக் கேள்வி: “எம்பி4இல் பதிவு செய்யலாமா, எம்கேவியா?” இரண்டுமே வீடியோவை அடைத்து வைக்கும் டப்பா, அதாவது கோப்பு வகை. என் பதில் எம்கேவி. நான் ஒருமுறை எம்பி4இல் 50 நிமிடம் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கோப்பு இருந்தது, அளவும் சரியாக இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தை வழக்கமான எம்பி4 பதிவு முடிந்த பிறகுதான் எழுதும். பொருளடக்கம் இல்லாமல் அத்தனை பக்கமும் குப்பை. எம்கேவி போகப் போகக் குறித்துக்கொண்டே போகும், கரண்ட் போன நொடி வரை உள்ளது பிழைக்கும். முடித்ததும் ஓபிஎஸ்ஸின் கோப்பு மெனுவில் ரீமக்ஸ் என்று இருப்பதை அழுத்தினால் அதையே எம்பி4 ஆக்கித் தந்துவிடும். படத்தைத் தொடுவதில்லை, டப்பாவை மட்டும்தான் மாற்றுகிறது. அதனால் 45 நிமிடப் பாடத்துக்கும் சில நொடிதான் ஆகும்.